சோதனைக் கணினியின் வயதும் தமிழ் எழுத்தும்

மென்பொருளின் நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் பொதுவான ஒரு கணினியில் ஓட்டிச் சரிபார்க்கும் முறை தொடர் ஒருங்கிணைப்பு எனப்படும். நிரலாளர் தில்லி லக்ஷ்மிபாய் நகரில் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும், சோதனை நடப்பது சேவை நிறுவனத்தின் தொலைதூரக் கணினியில் என்பதால், அதன் இயங்குதளம் எந்த ஆண்டினது என்பதைப் பெரும்பாலும் அந்நிறுவனமே முடிவுசெய்கிறது.

2011இல் பெர்லினில் தோன்றிய டிராவிஸ் சிஐ, திறந்த மூல நிரல்களுக்கு இச்சேவையை இலவசமாக அளித்துப் பரவலாக்கிற்று. அதன் கணினிகளில் நெடுங்காலம் இயல்புத் தளமாக இருந்த உபுண்டு 12.04க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2017 ஏப்ரலில் நின்றுபோயின, 14.04க்கு மாறும் பணியோ அவ்வாண்டு ஜூலையில்தான் தொடங்கியது.

பழந்தளத்தின் சுமை தமிழ் நிரல்களில் தனித்துத் தெரிந்தது. பைத்தான் நிரல்மொழியின் 2ஆம் பதிப்பில் மேற்கோளுக்கு முன் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தை இடாவிட்டால், ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் 15 பைட்டுகளாக எண்ணப்படும், உபுண்டு 12.04உடன் வந்த பைத்தான் 3.2 அதே குறியைப் பிழையென்று தள்ளியது. 2012 செப்டம்பரில் வெளியான 3.3 அக்குறியை மீண்டும் ஏற்ற பிறகே, ஓப்பன்-தமிழ் போல இரு பைத்தான்களுக்கும் பொதுவாக எழுதப்படும் நிரலகங்களுக்கு வழி எளிதாயிற்று.

பின்னர் வந்த இடைவெளி இன்னும் ஆழமானது. முந்திரி எனப்படும் 1/320 முதலான பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக 51 தமிழ்க் குறியீடுகள் 2019 மார்ச்சில் எழுத்துக் குறியீட்டுத் தரமான ஒருங்குறி 12.0இல் இடம்பெற்றன. உபுண்டு 18.04இன் பைத்தான் 3.6, ஒருங்குறி 9.0 அளவிலேயே நின்றதால், அக்குறிகளின் பெயரைக்கூட அறியாது; 20.04உடன் வந்த 3.8 அறியும். புதிய பைத்தானைத் தனியே நிறுவிக்கொள்ளும் வசதி இருந்தபோதிலும், தளத்தோடு வந்ததையே நம்பிய நிரல்களுக்கு அது உதவவில்லை.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்னும் தொடர் ஒருங்கிணைப்புச் சேவை 2023 ஏப்ரலில் 18.04ஐ நீக்கியது, அதற்கு முன், அறிவித்த நாள்களில் சில மணி நேரம் அத்தளத்தை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்து பயனர்களை எச்சரித்தது. கடுமையாகத் தோன்றினும் இது நேர்மையான முறையே. ஆயினும், பழைய கணினிகளையே இன்றும் பயன்படுத்தும் பள்ளிகளுக்காக எழுதுவோர்க்கு அத்தளத்திலும் சோதித்தாக வேண்டிய கடமை நீங்குவதில்லை. அவர்கள் பழைய உபுண்டுவைக் கன்டெய்னர் என்னும் தனித்த சூழலாகப் புதிய கணினிக்குள் ஓட்டிச் சோதிக்கின்றனர்.