லக்வா: ஒரு சொல் கடந்துவந்த வழி

சென்ற மாதம் சாகணில் என் பக்கத்து அறையில் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளி ஒருவர், இரவுப் பணி முடிந்து வந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். இடக்கையில் திடீரென மதமதப்பு, கோப்பை நழுவியது, வாய் ஒருபுறம் இழுத்தது. வீட்டுக்கார ஆஜி பார்த்த மாத்திரத்தில் ‘லக்வா’ என்றார். எண்ணெய் நீவுபவரை அழைத்துவர ஒரு பையனை அனுப்பினார்கள். நான் விழித்தெழுந்து வந்தபோது இரண்டு மணி நேரம் கழிந்திருந்தது.

லக்வா அரபுச் சொல். யூனானி மருத்துவத்தில் அது முகவாதத்தை மட்டுமே குறிக்கும். உடலின் ஒருபாதி செயலற்றுப்போவதற்கு அங்கே ‘ஃபாலிஜ்’ என்று வேறொரு பெயர் உண்டு. பாரசீகம் வழியே மராத்திக்கு வந்தபோது இந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது. மராத்தியின் மற்றொரு சொல்லான ‘அர்தாங்கவாயு’ நம் பாரிசவாயுவின் உடன்பிறப்பு. இரண்டும் நோயைக் காற்றின் தலையில் சுமத்துகின்றன. வேறுபாடு தேய்ந்ததில் இழப்பு உண்டு. முகநரம்பு மட்டும் தளர்ந்தால் நெற்றியையும் சுருக்க இயலாது, கைகால் நலமாயிருக்கும். மூளையில் கேடு நேர்ந்தால் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், வாய் மட்டும் கோணும், கையும் உடன் தளரும். முன்னது சில நாள் பொறுக்கக்கூடும், பின்னது பொறுக்காது.

காற்றின்மீது பழிபோட்டவர்களை நான் எள்ளவில்லை. சுசுருத சம்ஹிதை பக்ஷாகாதத்தை விவரிக்கையில், வாதம் பிற தோஷத்தோடு கலந்து வந்தால் தீர்க்கலாம், தனித்து வந்தால் மிக அரிது, தாதுக்கள் தேய்ந்து வந்தால் தீராது என்று பகுக்கிறது. ஒரே தோற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு என்னும் எண்ணம் அதில் இருக்கிறது. யூகி முனிவரின் சித்த மரபு வாத நோய்களை 80 என எண்ணியதும் அந்தக் கவனத்தாலேயே. மூளையைத் திறந்து பார்க்கும் வழக்கம் இல்லாத இடத்தில், கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

திறந்து பார்த்தவர் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹௌசன் நகர மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர். திடீரென வீழ்ந்து இறந்தோரின் மூளையைச் சோதித்து, அங்கே குருதி கசிந்திருப்பதைக் கண்டு 1658-இல் நூல் வெளியிட்டார். மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டாலும் இந்நிலை வரும் என்றும் கருதினார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1660-இல், இதே சாகணின் சங்கிராமதுர்க்கத்தை ஷாயிஸ்தா கான் முற்றுகையிட்டார். பிரங்கோஜி நர்சாளா ஏறத்தாழ 55 நாள் தாக்குப்பிடித்தார். சுரங்கம் தோண்டி வெடி வைத்துக் கொத்தளத்தைத் தகர்த்த பின்னரே கோட்டை வீழ்ந்தது. வெளியே மதில் அப்படியே நிற்க, உள்ளே அடித்தளம் போய்விடும் முறை அது. அந்தக் கொத்தளப் பக்கம் நடக்கும்போதெல்லாம் எனக்கு வெப்ஃபரின் நினைவு வரும். வரலாற்று மாணவனின் கெட்ட பழக்கம்.

சாகணுக்கும் தஞ்சைக்கும் உறவு உண்டு. இவ்வூர் சிவாஜியின் பாட்டனார் மாலோஜிக்கு அகமதுநகர் நிஜாம்ஷாகியிடமிருந்து கிடைத்த பகுதிகளில் ஒன்று. அவருடைய மற்றொரு பெயரன் ஏகோஜியே தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவியவர். அவ்வழியில் வந்த இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்து மருத்துவ முறைகள் தமிழ்ச் செய்யுளாகத் தொகுக்கப்பட்டுச் சரபேந்திர வைத்திய முறைகள் என நமக்குக் கிடைத்துள்ளன.

தமிழகத்தில் இந்நோயைக் கணக்கெடுத்தவர்கள் வேலூர்க்காரர்கள். 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய நரம்பியல் துறையின் மரபில், ஜேக்கப் ஆபிரகாமும் உடன் உழைத்தோரும் வேலூர் வட்டாரத்தில் செய்த ஆய்வு 1970-இல் வெளிவந்தது: லட்சம் பேரில் ஏறத்தாழ 57 பேருக்கு ஒருபக்கச் செயலிழப்பு. இளையோரின் பக்கவாதத்தையும் வேலூர் தனித்துக் கவனித்தது. முடக்குக் காய்ச்சல் கெடுத்த இதய வால்விலிருந்து புறப்படும் கட்டி, மகப்பேற்றுக்குப் பின் மூளைச் சிரையில் உறையும் குருதி என, முதுமையோடு தொடர்பில்லாத காரணங்கள் நம் நாட்டில் மிகுதி.

மதமதப்பெல்லாம் பக்கவாதம் அன்று. அது எவ்வாறு தொடங்கிற்று என்பதே மருத்துவர் முதலில் கேட்பது. ஒற்றைத் தலைவலிக்கு முன்வரும் மதமதப்பு விரலிலிருந்து கன்னம்வரை பல நிமிடங்களில் மெல்ல ஊரும். வலிப்பின் மதமதப்பு நொடிகளில் பரவும். அதன்பின் சில மணி நேரம் கை தளர்ந்திருப்பதை ராபர்ட் பென்ட்லி டாட் 1849-இலேயே விவரித்தார். அத்தகைய வலிப்புக்கு நம் நாட்டில் நாடாப்புழுக் கட்டியும் காசநோய்க் கட்டியும் அடிக்கடி காரணம். சர்க்கரை மிகத் தாழ்ந்தாலும் ஒருபக்கம் தளர்வதுண்டு. கழுத்து நரம்பு நசுங்கினால் வலியோடு ஒரு கை மட்டும். நொடியில் முகமும் கையும் சேர்ந்து விழுந்தால் குருதிக்குழாயைத்தான் ஐயுற வேண்டும். அரைமணியில் தானே சரியானாலும் அது எச்சரிக்கையே.

அடைப்பா, கசிவா? வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன்தான் உயிரோடிருப்பவரின் மூளையில் அதைக் காட்டத் தொடங்கியது. கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து அடைப்புக்கு மருந்து, கசிவுக்கு நஞ்சு. வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

108-ஐ அழைத்தோம். நாசிக் சாலை நெரிசலில் ஊர்ந்து மருத்துவமனையை அடைந்தபோது மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. கசிவில்லை, அடைப்பு. ஊசி போட்டார்கள். இப்போது கோப்பையைப் பிடிக்கிறார். சட்டைப் பொத்தான் மட்டும் இன்னும் அவர் விரலுக்கு அடங்கவில்லை. ஆஜி நாள்தோறும் படியேறி வந்து, காற்று இறங்கிவிட்டதா என்று கேட்டுச் செல்கிறார்.