பின்னல் ஊசி கூறும் வரலாறு

மார்கழித் திங்கள் பிறந்ததும் நம் காலனியின் தாழ்வாரங்களில் ஒரு காட்சி தவறாது காணப்படும். பிற்பகல் வெயிலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, மடியில் நூலுருண்டையும் கையில் இரண்டு ஊசிகளுமாக நம் இல்லத்து மகளிர் பின்னிக்கொண்டிருப்பர். வாய் பேசும், கண் விளையாடும் குழந்தைகளைக் காக்கும், கையோ தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கும். அலுவலகத்தினின்று திரும்பும் ஆடவராகிய நாம் இதனைக் கண்டு என்ன சொல்கிறோம்? "கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்வெட்டருக்கு இரண்டு மாதப் பாடா?" என்கிறோம். நாமும் அவ்வாறு கேட்டதுண்டு. அதற்கு வீட்டில் கிடைத்த மறுமொழி மௌனமே. அந்த மௌனத்திற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இச்சிறு கட்டுரை.

தமிழருக்கும் நூலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. சிறு விளக்கொளியில் இரவெல்லாம் பருத்தி நூற்ற பெண்டிரைப் புறநானூறு நமக்குக் காட்டுகின்றது. ஏட்டிற்கும் இழைக்கும் நூல் என்ற ஒரே பெயரை இட்டு வழங்கியவர் நம் முன்னோர். பவணந்தி முனிவர் தம் நன்னூலில் புலவன் நூல் செய்வதைப் பெண் நூல் நூற்பதற்கு ஒப்பிட்டுக் கூறியதும் நாம் அறிந்ததே. நூற்றலும் நெய்தலும் இவ்வாறு நமக்குப் பழமையானவை. ஆயினும் இரண்டு ஊசிகளைக் கொண்டு பின்னும் இக்கலை நம் நாட்டில் பிறந்ததன்று, வந்து சேர்ந்தது.

நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வேற்றுமையை முதலில் அறிதல் வேண்டும். நெசவிற்குப் பாவும் ஊடையும் வேண்டும்; தறியும் அதற்கோர் இடமும் வேண்டும். பின்னலுக்கோ ஒரே நூல் போதும். ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணியை இழுத்துக் கோத்துக்கொண்டே செல்வதுதான் அதன் சூத்திரம். கண்ணிகளால் ஆனமையின் அது உடம்புக்கேற்ப நீளும், சுருங்கும். அதன் நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்து மீண்டும் நூலாகிவிடும். குழந்தை வளர்ந்தபின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை அலசி உலர்த்தி, இன்னும் சிறிது நூல் கூட்டிப் பெரிதாகப் பின்னும் சிக்கனம் வேறெந்த ஆடையில் உண்டு? ஆனால் இச்சிறப்பே அதன் வரலாற்றுக்குக் கேடாகவும் முடிந்தது. பிரித்துப் பிரித்துப் பின்னப்பட்டமையால் பழைய பின்னல்கள் நிலைக்கவில்லை. கல்வெட்டு நின்றது, கம்பளி நிற்கவில்லை.

எஞ்சியவற்றுள் பழமையானவை எகிப்து நாட்டிலே கிடைத்த பருத்திக் காலுறைத் துண்டுகள். நீலமும் வெள்ளையுமாகப் பின்னப்பட்ட அவை பதினொன்றாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரையிலானவை என ஆய்ந்தோர் கூறுவர். பின்னர் இக்கலை ஐரோப்பாவெங்கும் பரவியது. 1589இல் இங்கிலாந்தின் கால்வர்ட்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த வில்லியம் லீ என்னும் பாதிரியார் காலுறை பின்னும் பொறி ஒன்றை ஆக்கினார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாயில் மண் விழுமே என்று அஞ்சி எலிசபெத் அரசி அதற்கு உரிமம் தர மறுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பொறியா, கையா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

நம் வீட்டுச் சிறுவர்கள் பனிக்காலத்தில் அணியும் குரங்குத் தொப்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1854 அக்டோபர் 25ஆம் நாள் கிரிமியாப் போரில் பாலக்லாவா என்னும் ஊரில் பெரும்போர் நிகழ்ந்தது. அப்போரின் கடுங்குளிரில் வாடிய ஆங்கிலப் படைவீரருக்கு அவர்கள் நாட்டு மகளிர் கம்பளித் தொப்பிகளைப் பின்னி அனுப்பினர். அவ்வூரின் பெயரே பின்னாளில் தொப்பிக்கும் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. அதே போரில் குதிரைப் படையை நடத்திச் சென்ற கார்டிகன் பிரபுவின் பெயர், முன்புறம் பொத்தானிட்ட கம்பளிச் சட்டைக்கு நிலைத்தது. பிரபுவின் பெயர் சட்டையில் நின்றது. அவற்றைப் பின்னிய பெண்களின் பெயர் எங்கும் நிற்கவில்லை.

தென்னாட்டிற்கு இவ்வகைக் கைவேலை வந்த வரலாறு உள்ளத்தை உருக்குவது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் துணைவி மார்த்தா அம்மையார், தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னும் கலையைக் கற்பித்தார். இது ஊசிப் பின்னலன்று. திண்டின்மேல் நூல்களைப் பரப்பிக் கோத்துச் செய்வது. ஆயினும் வீட்டு மூலையில் அமர்ந்து நூலால் செய்யும் வேலை என்னும் வகையில் இரண்டும் உடன்பிறந்தவையே. அக்காலத்தில் திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் கொடுமை நிலவியது. அப்பள்ளிக்கு வந்த பெண்களுள் அடிமைகளும் இருந்தனர். லேஸ் பின்னி ஈட்டிய காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அவர்களுட் சிலர் தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கினர்! திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1855இல். அதற்கு முன்னரே நூலால் தம் தளையை அறுத்த பெண்கள் குமரி மண்ணில் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா 1844இல் மணந்தது யாரை? திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட அறிஞர் கால்டுவெலைத்தான். கணவர் இடையன்குடியில் மொழியாராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில், மனைவியார் அதே ஊரில் பெண்களுக்கு லேஸ் வேலை கற்பித்தார். கணவரின் நூலை உலகம் அறியும். மனைவியாரின் நூலையும் நாம் சிறிதேனும் அறிதல் வேண்டுமன்றோ?

இனி நம் புனே நகருக்கு வருவோம். 1858இல் இந்நகருக்குப் புகைவண்டி வந்தது. 1871இல் பம்பாயிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அப்பாதை வழியேதான் தமிழ்க் குடும்பங்கள் படைக் கணக்கு அலுவலகங்களுக்கும், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும், இரயில்வேக்கும் பணி நாடி இங்கு வந்தன. வந்தவர்களின் பெட்டியில் பட்டுப் புடவை இருந்தது, ஊறுகாய் இருந்தது, கம்பளி இல்லை. தஞ்சையிலும் நெல்லையிலும் அதற்கென்ன தேவை? ஆனால் இங்கோ டிசம்பர், சனவரித் திங்கள்களில் சில இரவுகள் 10 பாகைக்கும் கீழே குளிர்ந்துவிடும். தங்கர் எனப்படும் ஆயர்கள் தக்காண ஆட்டு மயிரால் நெய்யும் கோங்கடிப் போர்வை தாங்கும் குளிரைச் சென்னை மல் வேட்டி தாங்குமோ?

அந்நிலையில் நம் பாட்டிமார்க்குக் குருவாக வாய்த்தவர் பக்கத்து வீட்டு மராட்டிய அம்மையாரே. புனே நகரம் பெண்களின் கைத்தொழிற் கல்விக்குப் பேர் பெற்றது. பண்டித ரமாபாய் தம் சாரதா சதனத்தைப் பம்பாயிலிருந்து 1890இல் இங்குக் கொணர்ந்தார். பின்னர், தௌண்ட் செல்லும் பாதையிலுள்ள கேட்காவ்ங் என்னும் ஊரில் முக்தி இல்லத்தை நிறுவி, பஞ்சத்தில் அடிபட்ட பெண்களுக்கு நெசவும் தையலும் அச்சுத் தொழிலும் கற்பித்தார். 1909இல் ரமாபாய் ரானடே அம்மையார் தொடங்கிய புனே சேவா சதனமும் விதவையர்க்கும் இல்லத்தரசியர்க்கும் கல்வியோடு கைத்தொழிலையும் அளித்தது. இத்தகைய நிலையங்களில் பயின்ற கைகள் தம் தெருவிற்கும் கற்பித்தன.

மராட்டியில் கம்பளி நூலுக்கு லோகர் என்று பெயர். நேர்ப் பின்னல் சுலட். மாற்றுப் பின்னல் உலட். "இரண்டு சுலட், இரண்டு உலட்" என்று எண்ணிக்கொண்டே நம் வீட்டுப் பெண்கள் கற்ற முதல் மராட்டிப் பாடம் இதுவாகத்தான் இருக்கும். கடைக்காரரிடம் விலை கேட்கத் தெரியுமுன்பே காகூவிடம் கழுத்து வளைவு இறக்கக் கற்றனர். அதற்குக் கைம்மாறாக இட்டிலி மாவின் பக்குவம் காகூவின் அடுக்களையை அடைந்தது. புதிய ஊரில் நம் குடும்பங்களுக்கு வேர் பிடித்தது இவ்வாறுதான். ஆடவர் சங்கம் அமைத்ததற்கு முன்னரே மகளிர் நூலுருண்டையைச் சுற்றி ஒரு சங்கம் அமைத்துவிட்டனர் எனின் மிகையாகாது.

நாட்டிற்கு இடுக்கண் வந்த காலத்தும் இவ்வூசிகள் உறங்கவில்லை. 1962ஆம் ஆண்டின் இறுதியில் வடகிழக்கு எல்லையிலும் லடாக்கிலும் சீனப் படையை எதிர்த்து நம் வீரர் நின்றபோது, பனிமலைக்கேற்ற கம்பளி உடை பலருக்கு இல்லை என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. ஊர்தோறும் மகளிர் ஸ்வெட்டரும் காலுறையும் பின்னி அனுப்பினர். முகம் அறியாத ஒருவனுக்காக, அவன் மார்பின் அளவையும் அறியாமல், தம் மகனின் அளவை மனத்திற்கொண்டு பின்னிய தாய்மார் எத்துணையர்!

இனி, இந்நகரத்தின் மண்ணிலேயே நிகழ்ந்த ஒன்று. எரவாடாச் சிறையில் காந்தியடிகள் 1930 முதல் 1933 வரையிலான காலத்தில் ஒருமுறைக்கு மேல் அடைபட்டிருந்தார். அங்கு அவர் நாள்தோறும் நூல் நூற்றார். மடித்து எடுத்துச் செல்லத்தக்க பெட்டி இராட்டையைச் செம்மைப்படுத்துவதிலும் கருத்தைச் செலுத்தினார். அவ்விராட்டை எரவாடாச் சக்கரம் என்றே பெயர் பெற்றது. அவர் நூற்ற நூலால் பின்னப்பட்டு, நடுவே ஜெய் ஹிந்த் என்ற சொற்கள் அமைந்த லேஸ் துணி ஒன்று 1947 நவம்பரில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணப் பரிசாகச் சென்றதையும் உலகம் அறியும். பொன்னும் மணியும் குவிந்த பரிசுகளிடையே அதுவும் ஒன்றாக இருந்தது.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், ஆகாகான் மாளிகையில் காந்தியடிகளுடன் காவலில் இருந்த அன்னை கஸ்தூரிபா 1944 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தார். கணவர் தம் கையால் நூற்ற நூலினால் நெய்த சேலையை அணிவித்தே அன்னையை எரியூட்ட வேண்டுமென்பது அவர் விருப்பம், அவ்வாறே செய்யப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இல்வாழ்க்கையின் இறுதியில் அம்மையார் கேட்டது அச்சேலை ஒன்றே. அம்மாளிகை வளாகத்தில் அன்னையின் சமாதி இன்றும் உள்ளது. நாம் கேட்டோமே, "கடையில் என்ன விலை?" என்று! அந்தச் சேலைக்கு எந்தக் கடைக்காரர் விலை கூறுவார்?

எழுத்தர் வேலை பார்க்கும் நாம் கணக்கில்லாமல் எதையும் ஒப்புவதில்லை. ஆதலின் கணக்கிட்டும் பார்த்தோம். சிறுவன் ஒருவனின் ஸ்வெட்டருக்கு முன்பாகம் 80 கண்ணி, 100 வரிசை எனக் கொண்டால் 8,000 கண்ணிகள். பின்பாகமும் அவ்வாறே 8,000. கைக்கு 50 கண்ணி, 80 வரிசை வீதம் இரண்டிற்கும் 8,000. ஆக 24,000 கண்ணிகள். ஒவ்வொன்றும் தனித்தனியே விரலால் இழுக்கப்பட்டது. ஒரு குழந்தையை 24,000 முறை நினைத்தல் இரண்டு மாத வேலையா, வீண் பொழுதா? நாம் இப்பொழுது அவ்வாறு கேட்பதில்லை.

இன்று துளசிபாக் கடைகளில் கிடைப்பதிற் பெரும்பகுதி ஆட்டு மயிரன்று. அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். ஆலை ஸ்வெட்டரோ மலிந்து கிடக்கின்றது. ஆயினும் கலை மாய்ந்துவிடவில்லை. 2016 சனவரியில், மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்னும் மகளிர் குழுவினர் சென்னையில் தம் கைப்பின்னல் துண்டுகளை ஒன்றாக இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையாக விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். அதில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்களைப் போலத் தாழ்வாரத்தில் அமர்ந்து பின்னியவர்களே.

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் தலைவர், செயலாளர், நன்கொடையாளர் பெயர்கள் ஆண்டுதோறும் அச்சேறுகின்றன. அது முறையே. ஆனால் நம் காலனியின் முதல் ஸ்வெட்டரைப் பின்னிய தமிழ் மூதாட்டி யார், அவருக்குக் கற்பித்த மராட்டிய அம்மையார் யார் என்பதை எந்த மலரும் கூறவில்லை. அறிந்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். அடுத்த ஆண்டு விழாவில் கோலப் போட்டிக்கு அருகே ஒரு மேசையிட்டு, பெட்டிகளில் உறங்கும் பழைய பின்னல்களை, பின்னியவர் பெயரோடு வைப்போம். பெண் குழந்தைகளுக்கு மட்டுமன்றி ஆண் பிள்ளைகளுக்கும் இரண்டு சுலட், இரண்டு உலட் கற்பிப்போம்.

நூலின் நுனியை விட்டால் பின்னல் பிரிந்துவிடும். ஒரு குடியின் நினைவும் அத்தகையதே. நுனியைப் பற்றிக்கொள்வோமாக!

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!