நெட்டிலிங்கம்

நெட்டிலிங்கம் சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த பசுமை மாறாத மரம். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். வீட்டு வாசல், பள்ளிக்கூட வளாகம், கல்யாண மண்டபம் என்று தமிழ்நாட்டில் இது நிற்காத ஊர் குறைவு. காட்டில் வளரும் மூல வகை மற்ற மரங்களைப் போலவே கிளை பரப்பும். கிளைகள் தண்டை ஒட்டியபடி தரை நோக்கித் தொங்கும் வகையைத்தான் தோட்டங்களில் வைக்கிறோம்.

நர்சரியில் 'அசோகா' என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். உண்மையான அசோகு புளி, கொன்றையின் உறவு. ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக்கொத்தாய்ப் பூக்கும். நெட்டிலிங்கப் பூவோ வெளிர்பச்சையில், அலையலையான ஆறு இதழ்களோடு, இலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பெயர்க் குழப்பம்தானே என்று விட்டுவிட முடியாது. மாதவிடாய்க் கோளாறுகளுக்கு மருந்தாகும் அசோகப் பட்டையில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பது மூலிகைச் சந்தையில் நெடுநாளாக நடக்கும் கலப்படம்.

இந்த மரத்தின் அறிவியல் பெயரில் புதுச்சேரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கே தங்கிப் பணிபுரிந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா, 1782இல் வெளியிட்ட தம் பயண நூலில் இதை 'உவாரியா லாங்கிஃபோலியா' என்று விவரித்தார். இலங்கைப் பேராதனைத் தோட்டத்தின் துவைட்ஸ் 1864இல் அதைப் பாலியால்தியா பேரினத்துக்கு மாற்றினார். 2012 முதல் மோனூன் லாங்கிஃபோலியம் என்று வழங்குகிறது. 'நீண்ட இலை' என்ற பொருள் மட்டும் எல்லா மாற்றத்திலும் தங்கிவிட்டது.

புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவில்லை ஒட்டிய இடையஞ்சாவடியில் மண் செம்மண். மழைநீர் சீக்கிரம் இறங்கிவிடும், கோடையில் கெட்டிப்பட்டுவிடும். அதனால் குழியை 2 அடிக்குக் குறையாமல் எடுத்து, தோண்டிய மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புவது நல்லது. ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். குழியைப் பள்ளமாக விடக் கூடாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது; அப்படிப்பட்ட நாளில் தேங்கும் தண்ணீர் இளஞ்செடியின் வேரை அழுகவைத்துவிடும். முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீரும், அடியில் சருகு மூடாக்கும் கட்டாயம். காற்றடிக்கும் பக்கம் முட்டுக்கொம்பு ஒன்று ஊன்றிவிடலாம். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய வீடுகளில் கிணற்று நீர் கரித்தால் நெட்டிலிங்கத்துக்கு அடம்பிடிக்க வேண்டாம். அந்த மண்ணுக்குப் பூவரசும் புன்னையும் இருக்கின்றன.

மதில் போல நெருக்கி நடுவது வழக்கமாகிவிட்டது. செடிக்குச் செடி 6 அடியாவது விட்டால்தான் அடிக்கிளைகளுக்கு வெயில் கிடைக்கும். இல்லாவிட்டால் அவை காய்ந்து உதிர்ந்து, கீழே வெறும் தண்டுதான் நிற்கும். உச்சியை வெட்டுவது இதைவிடப் பெரிய தவறு. வெட்டிய இடத்திலிருந்து பல குருத்துகள் போட்டிபோட்டுக் கிளம்பி, அந்தக் கூர்முனை வடிவம் திரும்ப வராமலே போகும். முப்பது நாற்பது அடி போகும் மரம் என்று தெரிந்தே, மின்கம்பி இல்லாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

கொழுந்து செம்பு நிறத்தில் வந்து, இளம்பச்சையாகி, பிறகு கரும்பச்சையாகும். அந்தக் கொழுந்தைப் புரட்டிப் பார்த்தால் சில சமயம் வெளிர்மஞ்சளாக ஒற்றை முட்டை ஒட்டியிருக்கும். கறுப்பு இறகில் பச்சைப் புள்ளி தெறித்த வண்ணத்துப்பூச்சி இட்டது அது. அதன் புழு நாலு இலை தின்றால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. மருந்தடிக்க வேண்டியதில்லை.

கருநீலமாய்ப் பழுக்கும் காய்களைக் குயிலும் வௌவாலும் தின்னும். இரவில் வௌவால் சப்பிப் போட்ட கொட்டைகள் காலையில் மரத்தடியில் கிடக்கும். நீளவாக்கில் சுற்றிலும் ஒரு பள்ளக்கோடு ஓடுவதைக் கொண்டு அடையாளம் காணலாம். முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும் என்பதால் காயவிடாமல் உடனே மணல் கலந்த மண்ணில் ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காக்க வேண்டும்.