புள்ளி பெற்ற எழுத்து

1742-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகருக்கு அப்பால், கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் ஒன்றில், உப்சாலாப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் விந்தையான செடியொன்றைக் கண்டெடுத்தார். இலையும் தண்டும் அந்நாட்டு வழியோரங்களில் மலிந்து வளரும் லினேரியாச் செடிக்கு உரியவை. மலர் மட்டும் வேறாக இருந்தது. லினேரியாவின் மஞ்சள் மலர் மேலுதடும் கீழுதடுமாக வாய்போல் அமைந்து, அடியில் தேன் தாங்கும் வால் ஒன்றைக் கொண்டிருக்கும். இந்த மலருக்கோ உதடுகள் இல்லை. எப்பக்கமும் ஒத்த குழலாய், ஐந்து வால்களோடு அது விளங்கிற்று.

உலர்த்தப்பட்ட அச்செடி, தாவரவியல் பேரறிஞர் கார்ல் லின்னேயஸின் கைக்கு வந்தது. தம்மை ஏமாற்ற எவரோ வேற்று மலரை ஒட்டி வைத்திருக்கின்றனர் என்றே அவர் முதலில் ஐயுற்றார். ஐயம் நீங்கியபின் திகைப்பு மிகுந்தது. ஏனெனில், லூத்தரன் சபைப் போதகரின் மைந்தரான அவர், படைப்பின் தொடக்கத்தில் தோன்றிய இனங்களே இன்றும் உள்ளன, புதிய இனம் எதுவும் தோன்றுவதில்லை என்று 1735-இல் எழுதியிருந்தார். இப்போது அவர் கண்ணெதிரே நின்றது, எந்த வகுப்பிலும் அடங்காத மலர்.

1744-இல் அதனைப் பற்றிய ஆய்வுரை வெளிவந்தது. விகார உரு என்னும் பொருள்பட, கிரேக்கச் சொல்லால் 'பெலோரியா' என அதற்குப் பெயர் சூட்டினார் லின்னேயஸ். லினேரியாவின் சூலகத்தில் வேற்றினத்தின் மகரந்தம் வீழ்ந்ததால் பிறந்த கலப்பினம் அது என்பது அவர் தந்த விளக்கம். அன்றுமுதல் கலப்பினங்கள் அவர் சிந்தையை விட்டு அகலவில்லை. டிராகோபோகன் என்னும் செடியின் இரு இனங்களைத் தாமே கலந்து, அதன் விளைவை எழுதி, 1760-இல் புனித பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகத்தின் பரிசையும் பெற்றார். கலப்பினால் புதிய இனங்கள் தோன்றக்கூடும் என்ற எண்ணம் அவருள் வேரூன்றிவிட்டது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், புரூன் நகரின் அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல், மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளைக் கலந்து, மரபுவழி வரும் பண்புகளின் கணக்கைக் கண்டார். 1865-இல் அவர் அறிவித்த உண்மையை உலகம் உணர 1900 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்பின், மரபு என்பது எழுத்து மாறாமல் கைமாறும் ஏடு என்ற கருத்து நிலைபெற்றது. எழுத்து மாறினாலன்றிப் பொருள் மாறாது என்றே பலரும் கொண்டனர்.

1999-இல் இங்கிலாந்தின் நார்விச் நகர் ஆய்வாளர்கள் பிலார் கூபாஸ், கோரல் வின்சென்ட், என்ரிகோ கோயன் ஆகியோர் பெலோரியாவின் புதிரை அவிழ்த்தனர். அது கலப்பினமன்று. மலரின் வடிவை ஆளும் மரபணு ஒன்று அதில் வாய்மூடிக் கிடந்தது. அந்த வடிவ மாற்றத்துக்குக் காரணம் எழுத்துப் பிழை அன்று. மரபணுவின்மேல் அடர்ந்து படிந்திருந்த மீத்தைல் என்னும் சிறிய வேதிக்குறிகளே.

நம் எழுத்தைக் கொண்டே இதனை விளங்கிக்கொள்ளலாம். 'க' என்னும் எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி இட்டால் 'க்' ஆகிறது. கோடுகள் மாறவில்லை; உள்ளிருந்த அகரம் ஒடுங்கிவிடுகிறது. டி.என்.ஏ.வில் சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மீத்தைல் குறி அமர்வதும் அத்தகையதே. செல் பிரியும்போது, ஏட்டைப் பார்த்துப் புள்ளியையும் விடாமல் படியெடுப்பவரைப்போல, நொதி ஒன்று புதிய இழையிலும் அக்குறியை இடுகிறது. எனவே விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் அது செல்லக்கூடும். சில வேளைகளில் குறி கலைந்துபோக, அதே செடியில் பழைய உதட்டு மலர் மீண்டும் பூக்கிறது. 'விகாரம்' எனப் பெயர்பெற்ற செடியுள் பழைய வடிவம் அழியாது துயின்றிருந்தது.

கலப்பு என்ற விளக்கம் பெலோரியாவுக்குப் பொருந்தாமற் போயினும், கலப்பினங்களில் இக்குறிகளுக்குப் பங்குண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பகுதிக்குச் சென்ற டிராகோபோகன் இனங்கள் அங்கே தாமாகக் கலந்தன. நிறத்திரிகள் இரட்டித்து உண்டான இரு புதிய இனங்களை 1950-இல் மரியன் ஓன்பே விவரித்தார். அவற்றுள் ஒன்றில், தாய்வழிப் படி, தந்தைவழிப் படி ஆகிய இரண்டில் ஒன்று மீத்தைல் குறியால் அடங்கியிருக்கும் மரபணுக்கள் சில உள்ளன என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இரு மரபுகள் ஓருடலில் கூடும்போது, எந்தக் குரல் பேசுவது, எது அடங்குவது என்னும் ஒழுங்கும் மாறுகிறது.

இதனைக் கொண்டு, முன்னோரின் துயரமும் குற்றமும் நம் குருதியில் எழுதப்பட்டுள்ளன என உரைப்போர் உளர். அவசரப்படலாகாது. மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளில் இனச்செல்கள் உருவாகும்போதும், கரு வளரத் தொடங்கும்போதும் இக்குறிகளுள் பெரும்பாலானவை துடைக்கப்படுகின்றன. செடிக்குப் பொருந்துவதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்வது அறிவியல் ஆகாது.

லின்னேயஸின் விளக்கம் பிழைத்தது. ஆனால் அவர் செய்த விவரிப்பு நிலைத்தது. தம் கொள்கைக்கு இடையூறாக வந்த மலரை அவர் ஒதுக்கி எறிந்திருக்கலாம். அதனை எண்ணி, அளந்து, உள்ளது உள்ளபடி உலகுக்கு எழுதி வைத்தார். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்வந்தோர் தொடர்ந்து ஆராய அந்த நேர்மையே வழி திறந்தது.