பால்புதுமை இளையோருக்கான தமிழ் வாசிப்பு

திருநங்கை, திருநம்பி, ஊடுபால், தன்பாலீர்ப்பு கொண்டோர் எனப் பால்புதுமை இளையோர் தங்களை அடையாளம் காண உதவும் தமிழ் நூல்கள் பெரும்பாலும் கடந்த இருபது ஆண்டுகளில் வந்தவை. ஆனால் இவர்களைப் பற்றிய எழுத்து மிகப் பழையது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும், பேடி போன்ற சொல்லுக்கு எந்தப் பால் விகுதி பொருந்தும் என்று தொல்காப்பியமே ஆராய்கிறது. மணிமேகலை பேடிக் கூத்தைக் காட்டுகிறது. ஆனால் அவற்றில் பேடி பேசுவதில்லை.

நவீன இலக்கியத்தில் கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ சிறுகதை முன்னோடி. 1990களில் சு. சமுத்திரம் ஆனந்த விகடனில் எழுதிய ‘வாடாமல்லி’ தொடர்கதை, பொறியியல் கல்லூரி மாணவன் சுயம்பு பெண்ணாகிப் படும் பாடுகளை வீட்டுக்கூடம் வரை கொண்டுபோனது. இரக்கத்தோடு எழுதப்பட்ட நாவல்தான் அது. ஆனாலும் வெளியே நின்று பார்த்தவரின் எழுத்து.

அந்த நிலையை மாற்றியவர் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அ. ரேவதி. திருநங்கைகளிடம் அவர்களில் ஒருவராகவே பேசித் திரட்டிய வாழ்க்கைக் கதைகளை ‘உணர்வும் உருவமும்’ என்று தொகுத்தார். தன் கதையையும் தமிழிலேயே எழுதினார். வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இல் முந்திக்கொண்டது. தமிழ் நூல் ‘வெள்ளை மொழி’ 2011இல்தான் வந்தது. தமிழில் எழுதிய வாழ்க்கையை ஆங்கில வாசகர் முதலில் படித்தார்கள் என்பது நாம் வருந்த வேண்டிய செய்தி. இதற்கிடையே 2007இல் திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு ‘நான், சரவணன் வித்யா’ வெளியானது. மொழியியல் முதுகலை படித்தவர், படிப்பு கைகொடுக்காமல் கடைகேட்க, அதாவது கடை கடையாகக் காசு கேட்க, போன நாள்களை ஒளிக்காமல் சொல்கிறார். அதைத் தழுவிய கன்னடப் படம் ‘நானு அவனல்ல, அவளு’ நடிகர் சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது. பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ திருநங்கை ஒருவரே எழுதிய நாவல்.

இளையவருக்கு இவற்றை எடுத்துக் கொடுக்கும்போது வரிசை முக்கியம். ‘வெள்ளை மொழி’யில் அடியும் பாலியல் வன்முறையும் வருகின்றன, தனியாக இருக்கும் பிள்ளையிடம் அதை முதலில் நீட்டக் கூடாது. வித்யாவின் நூலில் தொடங்கலாம். அதையும் பேசத் துணை ஒருவர் இருக்கும்போது படிப்பதே நல்லது.

தன்பாலீர்ப்பு பற்றிய எழுத்து இன்னும் தாமதம். கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ 1978இலேயே ஆண்களுக்கிடையிலான உறவைத் தொட்டது; அது பெரியவர்களுக்கான நாவல். குவியர் சென்னை குரோனிக்கிள்ஸ் அமைப்பு 2018இல் சென்னையில் பால்புதுமை இலக்கிய விழாவைத் தொடங்கியது. கிரீஷின் ‘விடுபட்டவை’ நூலும் அந்த ஆண்டில்தான் வந்தது. ஈழத்தைப் பொறுத்தவரை, ஷியாம் செல்வதுரையின் ஆங்கில நாவல் ‘ஃபன்னி பாய்’ (1994) கொழும்புத் தமிழ்ச் சிறுவனின் கதை. பதின்வயதினருக்கு இதைவிடப் பொருத்தமான நூலை நான் அறியேன்.

புத்தகக் கடையில்லாத ஊர்களுக்கு இவை எப்படிப் போய்ச் சேரும்? ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பலர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். விடுதியில் எந்தப் புத்தகமும் பத்துப் பேர் கண்ணில் படும். அங்கே இருக்கும் பால்புதுமைப் பிள்ளைக்குக் கைக்கெட்டுவது அரசு விலையில்லாமல் தரும் பாடநூல். 2018இல் வந்த பதினோராம் வகுப்புத் தமிழ் நூலில் திருநங்கையான பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் இடம்பெற்றார். மறு ஆண்டு அவர் பத்மஸ்ரீ பெற்றார். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை, ஒளித்துப் படிக்க வேண்டியதில்லை. வகுப்பே சத்தமாகப் படிக்கும்.

2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் பால்புதுமைப் பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வழிகாட்டினார். அடுத்த ஆண்டு இவர்களைக் குறிக்கும் மதிப்பான சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. சொற்கள் வந்துவிட்டன. திருநம்பிகளின் வாழ்க்கைக் கதைகளை ரேவதி சேர்த்திருக்கும் 2016ஆம் ஆண்டு நூலோ ஆங்கிலத்தில் இருக்கிறது.