வாரணமாயிரமும் மார்கழியும்: ஒரு மணப்பாடல் பருவப் பாடலான வழி

நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழியாகிய வாரணமாயிரம், திருப்பாவையின் தொடர்ச்சி என்பதாலேயே மார்கழி வழிபாட்டில் இடம்பெற்றது என்னும் கருத்து நிலவுகிறது. பாவை நோன்பு நல்ல கணவனை வேண்டுவது, கனவுத் திருமணம் அந்நோன்பின் பயன், எனவே இரண்டும் ஒரே பருவத்துக்குரியன என்பது அதன் அடிப்படை. பாடலை நெருங்கிப் பார்த்தால் இவ்விளக்கம் நிற்பதாகத் தோன்றவில்லை.

11 பாசுரங்களில் முதற் பத்தில் தோழிக்குச் சொல்லப்படும் அக்கனவு, யானைகள் சூழ மணமகன் வருவதில் தொடங்கி, மறுநாளை மணநாளாகக் குறித்தல், துர்க்கை கூறை உடுத்தி மாலை சூட்டுதல், காப்புக் கட்டுதல், முத்துப்பந்தலின்கீழ்க் கைத்தலம் பற்றுதல், தீவலம், அம்மி மிதித்தல், தமையன்மார் பொரியிடுதல் எனச் சடங்கு சடங்காக நகர்கிறது. குளிர்ந்த சந்தனக் குழம்பைக்கூட விடாத ஆண்டாள் மாதத்தை மட்டும் சொல்லவில்லை. மாதம் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லாததன்று. திருப்பாவையின் முதற்பாசுரம் மார்கழியையும், நாச்சியார் திருமொழியின் முதல் திருமொழி தை, மாசி மாதங்களையும், இரண்டாம் திருமொழி பங்குனியையும் பெயர் சொல்லியே குறிக்கின்றன. மேலும், மார்கழியில் மணவினை செய்வதில்லை என்பது ஊரறிந்த வழக்கு. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கல்யாண மண்டபங்கள் ஓய்ந்திருக்கும் மாதம் அது. பொருளுறவுதான் காரணம் என்றால், மணச்சடங்கு பாடும் பாட்டு அம்மாதத்துக்கு அயலாகவே நின்றிருக்கும். நோன்பைப் பாடும் முதல் திருமொழியே முந்திக்கொண்டிருக்கும். அதற்கோ அப்பருவப் புகழ் கிட்டவில்லை.

வாரணமாயிரத்துக்கு வழிவிட்டது பெரும்பாலும் சடங்கே எனலாம். மார்கழியின் கடைநாளாகிய போகியன்று வைணவக் கோயில்கள் பலவற்றில் ஆண்டாள் திருக்கல்யாணம் நிகழ்கிறது; அவ்விழாவுக்கு ஒரு மணப்பாடல் வேண்டியிருந்தது, மணப்பெண்ணே பாடியதாக இது ஒன்றுதான் கையிலிருந்தது. அத்யயன உற்சவத்தின் பகற்பத்தில், பகலில் பிரபந்தம் ஓதப்படும் அப்பத்து நாட்களில், முதலாயிரத்தோடு இதுவும் சேவிக்கப்படுகிறதே என்று சிலர் மறுக்கலாம். நாலாயிரமும் வரிசையாக ஓதப்படும் இடத்தில் எந்தத் திருமொழிக்கும் தனிப்பருவம் அமைவதில்லை என்பதே அதற்கு விடை.

பாடலின் பருவத்தைப் பொருளுறவு தீர்மானிப்பதில்லை என்பதைப் பிறநாட்டுச் சான்றும் காட்டுகிறது. ஹேண்டலின் ‘மெசையா’ என்னும் இசைப்படைப்பு 1742 ஏப்ரல் 13 அன்று, ஈஸ்டருக்குச் சற்று முன், டப்ளினில் அரங்கேறியது. இன்று அது கிறிஸ்துமஸ் கால இசை. அதன் முதற்பகுதி இயேசுவின் பிறப்பைப் பாடுகிறது என்று அங்கும் பொருளுறவு காட்டுவர். ஆயினும் டிசம்பரில் ஓங்கி ஒலிக்கும் அல்லேலூயா கோரஸ், பாடுகளும் உயிர்ப்பும் பாடப்பட்ட பின்னர் இரண்டாம் பகுதியின் இறுதியில் வருவதாகும்.

ஆண்டாளின் சொந்த ஊரிலோ ரெங்கமன்னாருடனான திருக்கல்யாணம் பங்குனி உத்திரத்தில் நடைபெறுகிறது. ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூரைப் பொறுத்தவரை வாரணமாயிரத்துக்குரிய நாளைப் பங்குனியில்தான் தேடவேண்டுமேயன்றி மார்கழியில் அன்று.