படவணு

‘பிக்சல்’ என்பதற்கு நிகராக வழங்கும் ‘படவணு’, வடமொழியில் ஆடையைச் சுட்டும் ‘பட’ என்பதினின்று வந்து, சித்திரம் தீட்டிய துணிக்கும் பின் சித்திரத்துக்குமே பெயரான ‘படம்’ என்பதும், ‘அணு’ என்பதும் புணர்ந்த சொல். மூலச் சொல்லோ 1965-இல், விண்கலங்கள் அனுப்பிய சந்திர, செவ்வாய்ச் சித்திரங்களை ஆராய்ந்த பிரெடெரிக் பில்லிங்ஸ்லி என்பாரால் அச்சேறியது. ‘படப்புள்ளி’ என்பாரும் உளர். எமக்கு அணுவே பிரியம்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தையோ, அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுர விமானத்தையோ 4000-க்கு 3000 படவணு என்ற அளவில் படம் பிடித்து வந்த அன்பர், வீட்டுக் கணினியில் அதனை 1000-க்கு 750 ஆகச் சுருக்குவாராயின், 1 கோடியே 20 லட்சம் படவணுக்களில் பதினாறில் ஒரு பங்காகிய ஏழரை லட்சமே எஞ்சும். மீண்டும் பெரிதாக்கினால் கணினி இட்டு நிரப்புவது அனுமானமே. கல்லின் வரிகள் திரும்பா. ஜேபெக் வடிவிலோ, திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் நுட்பம் மேலும் சிறிது நசிக்கும். ஆதலின் மூலப் பிரதியைத் தொடாது, சுருக்கியதை வேறு பெயரிட்டுச் சேமித்தலே உசிதம்.